திறந்த கேள்விகள்: பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலுக்கு எழுதிய பதில். அனுப்பியவர் நீலாவதி. அந்தமானில் நாங்கள் மேன்லேண்ட் என்று சொல்லும் இந்தியக் கரையில் ஒரு லினக்ஸ் மன்றம் நடத்துகிறார். இந்த மாதம் சென்னை மாநாட்டில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

"சார், உங்க பதினாலு நாள் விதியை எங்க மன்றத்துலயும் போட்டுட்டோம். நானூத்தி முப்பது திறந்த கேள்வி இருந்துச்சு. மறுநாள் காலைல பூஜ்யம். ரொம்ப நன்றி."

பதில் எழுத உட்கார்ந்தேன். 'மகிழ்ச்சி' என்று எழுதி அழித்தேன். 'ஒரு சிறு திருத்தம்' என்று எழுதினேன். திருத்தம் நீண்டது. ஆட்கள் வந்தார்கள். கப்பல் வந்தது. மின்னஞ்சலுக்குள் கப்பல் வந்துவிட்டால் அது கதை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது.

(2004 டிசம்பரில் கடல்—)

அடித்துவிட்டேன். தீவுக் கதை என்றால் அலையில் தொடங்க வேண்டும் என்று மேன்லேண்டில் எதிர்பார்க்கிறார்கள். இந்தக் கதையில் அலைக்கு ஒரே ஒரு வேலைதான். அதற்குப் பிறகு நிவாரணமாகப் பழைய கணினிகள் பெட்டி பெட்டியாக வந்தன. உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்தன. கணினியை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ் இலவசம். அதைப் போட்டோம். போடத் தெரியாதவர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. 2006-இல் மன்றம் தொடங்கியது.

இரண்டாம் தொடக்கம்:

(மரைன் ஹில்லில் மழை பிடித்தால் இணையம்—)

இந்த வாக்கியம் இணையத்தைப் போலவே பாதியில் நின்றது. விட்டுவிட்டேன்.

மூன்றாவதில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மன்றத்தை நடத்துபவர்கள் இருவர். ஒருவர் நான், பாலசுப்பிரமணியம். போர்ட் பிளேரில் ஷாதிபூரில் வீடு, மின்துறையில் குமாஸ்தா. இன்னொருவர் வைஜெயந்தி. மரைன் ஹில்லில் இருக்கிறார், ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. உறுப்பினர்கள் இரண்டாயிரம் பேர். பெரும்பாலோர் மேன்லேண்ட். ஒரு லினக்ஸ் குறுவட்டை இணையத்திலிருந்து இறக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எட்டாம் நாள் மின்சாரம் போகும் என்பதும் தெரியாது.*

* மின்துறையில் இருந்துகொண்டு இதை எழுதக் கூடாது.

பதினான்கு நாள் விதி என்னுடையது. கேள்விக்குப் பதில் கொடுப்போம். கேட்டவர் பதினான்கு நாள் ஒன்றும் சொல்லாவிட்டால் கேள்வி தானாகப் பூட்டிக்கொள்ளும். கணக்கில் 'முடிந்தது' என்று சேரும். முதல் பக்கத்தில் ஓர் எண் தெரியும். திறந்த கேள்விகள்: 3. சில நாள் 1. ஒருநாள் பூஜ்யம் ஆனது. அப்புறம் அப்படியே நின்றது.

அந்தப் பூஜ்யம்தான் என்னை மாநாட்டுக்கு அழைத்துப்போனது. இருபது நிமிடப் பேச்சு. தலைப்பு: 'ஒரு கேள்வியும் மீதமில்லை'.

3

யோகராஜ் என்று ஓர் உறுப்பினர் இருந்தார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். 'ஆறு கணினிகள். லினக்ஸ் போட்டேன். திறந்தால் கறுப்புத் திரை.' ஒரு மணி நேரத்தில் பதில் கொடுத்தோம். அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. பதினான்கு நாளில் பூட்டியது. ஒரு வாரம் கழித்துப் புதுக் கேள்வி வந்தது. ஆறு கணினிகள். கறுப்புத் திரை. மறுபடி பதில். மறுபடி ஒன்றும் இல்லை.

ஐந்து முறை.

வைஜெயந்திக்குக் கோபம் வந்தது. யோகராஜைத் தடை செய்தார். காரணம் என்ற கட்டத்தில் 'பதிலை மதிக்காதவர்' என்று எழுதினார்.

4

நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, வாசலில் ஓர் அம்மா நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு.

"கம்ப்யூட்டர் கேள்விக்குப் பதில் சொல்றவங்க வீடு இதுங்களா?"

"ஆமா."

"நான் யோகராஜோட அக்கா. தமிழரசி. தம்பிய உள்ள விட மாட்டேங்கிறீங்களாமே."

"எதுக்குள்ள விடணும்மா?"

"அது எனக்கு வெளங்கலைங்க. வாசல்லயே நிப்பாட்டி வச்சிருக்கீங்கன்னு சொன்னான். நான் கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இதக் குடுத்துட்டு வரச் சொன்னான்."

கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். வைஜெயந்திக்குப் போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் தமிழரசி தேநீர் குடித்து முடித்தார். சர்க்கரை போதவில்லை என்று சொல்லி இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பு. எங்களுக்கு யோகராஜ் எழுதிய ஐந்து பதில்கள். ஒவ்வொன்றும் இப்படித் தொடங்கியது: 'வணக்கம் ஐயா. நீங்கள் சொன்னபடி செய்தேன். இப்போது திரையில் வருவது இது.' அதன்கீழ், திரையில் மின்னி மறைந்த வரிகளைக் கையால் எழுதிவைத்துத் தட்டச்சு செய்திருந்தார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"ஊரு பாத்தீங்களா?" என்றார் வைஜெயந்தி. "கேம்பல் பே. ப்ரொஃபைல்லயே போட்டிருக்காரு."

"யாரு ப்ரொஃபைலப் பாக்கறா?"

"வஹி தோ. அதத்தான் சொல்றேன்."

தமிழரசி விளக்கினார். நிக்கோபார் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் இணையம் இருப்பதாகச் சொல்கிறார்கள். யோகராஜ் பார்த்ததில்லை. உறவுக்காரர் ஒருவர் கப்பலில் வேலை செய்கிறார். கேள்வியைப் பென்டிரைவில் போட்டு அவரிடம் கொடுப்பார். அவர் போர்ட் பிளேரில் பிரவுசிங் சென்டரில் ஏற்றுவார். பதிலை இறக்கிக்கொண்டு அடுத்த நடையில் கொடுப்பார். போகவர இருபது நாள். வானிலை சரியில்லை என்றால் இருபத்தைந்து. யோகராஜின் மறுமொழி வந்து சேரும்போது கதவு பூட்டியிருக்கும். அதனால் புதுக் கேள்வி. புதுக் கேள்வி என்பதால் நாங்கள் முதலிலிருந்து தொடங்குவோம். ஐந்து முறையும் முதல் பதிலையே கொடுத்திருந்தோம்.

தடை செய்த பிறகு அவர் வேறு பெயரில் வந்திருக்கலாம். தடை வாங்கிய பத்துப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். யோகராஜ் அக்காவை அனுப்பினார்.

"இப்ப ஏன் அவசரம்?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் மோசமான கேள்வி.

"படிப்பகத்துக்கு இனாமா வந்த பெட்டிங்க அது, ஆறும். தம்பிதான் பாத்துக்கறான். ஓடாத பெட்டியெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போக ஆபீசர் வாறாரு. சனிக்கிழமை கப்பல். நானும் அதுலதான் போறேன். பிள்ளைங்க தினம் வந்து உக்காந்து அந்தக் கறுப்பப் பாத்துட்டுப் போகுதுங்க. இதுக்கு மேல அவங்களுக்குச் சமாதானம் சொல்ல ஏலாதுங்கிறான்."

"தம்பிக்குப் போன் போடுங்கம்மா. இப்பவே சொல்லிடறோம்."

"நாலு நாளா டவர் இல்லையே."

வைஜெயந்தி ஐந்து பதில்களையும் வரிசையாகப் படித்தார். மூன்றாவதில் திரையை இயக்கும் சில்லின் பெயர் இருந்தது. நான்காவதில் எந்த இடத்தில் கறுக்கிறது என்று இருந்தது. சேர்த்துப் படித்தால் பத்து நிமிட வேலை. தொடங்கும்போது அந்தச் சில்லைச் சீண்டாதே என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும். பென்டிரைவில் எழுதினோம். நம்பிக்கை போதாமல் காகிதத்திலும் எழுதினோம்.

"அந்த ஆபீசர் எப்படி?" என்று வைஜெயந்தி கேட்டார்.

"நல்லவருதான். கடல்தான் ஒத்துக்காது. போன தடவ கரை எறங்கி ரெண்டு நாள் படுத்துட்டாராம்."

"பகவானே, இந்தத் தடவையும் படுக்கட்டும்."

தமிழரசி சிரித்தார். காகிதத்தை எட்டாக மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்தார். வாசலில் நின்று, "அப்ப உள்ள விட்டுட்டீங்கன்னு சொல்லிரலாமா?" என்றார்.

"சொல்லிடுங்க" என்றேன்.

அவர் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்கு வந்தது. அலைக்குப் பிறகு கேம்பல் பே. இதையெல்லாம் அந்த இரண்டு தேநீருக்குள் தெரிந்துகொண்டேன். யோகராஜ் எங்கள் மன்றத்தில் ஏழு மாதம் இருந்தார்.

5

இதுவரை எழுதியதை வைஜெயந்தியிடம் காட்டினேன். மூன்றாம் பகுதியில் நிறுத்தினார்.

"எனக்கு எப்ப கோபம் வந்துச்சு?"

"கதைக்காக."

"லாக்ல யார் பேரு இருக்கு?"

பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது. தடை செய்தது நான். 'பதிலை மதிக்காதவர்' என்பதும் என் சொற்கள். மதிய உணவு இடைவேளையில் எழுதினேன். எழுதிவிட்டு நல்ல சொற்றொடர் என்றும் நினைத்தேன். வைஜெயந்தி என்கிற பாத்திரம் அந்தக் கோபத்தைத் தாங்கும் என்று தோன்றியது. பாத்திரம் தாங்கும். ஆள் மறுக்கிறார்.

மூன்றாம் பகுதியைத் திருத்தவில்லை. திருத்தினால் நான் செய்தது தெரியாமல் போய்விடும்.

"கப்பலும் ஃப்ளைட்டும் ஒரே நாள்னு வச்சா டென்ஷனா இருக்குமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வைங்க. கப்பல் உங்க கதைக்காகக் கிளம்பும் பாருங்க."

கப்பல் சனிக்கிழமை. விமானம் வியாழன். அப்படியே இருக்கட்டும்.

7

ஆறாம் பகுதி இருந்தது. அதில் என்னை நானே மன்னித்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டேன்.

மாநாடு சனிக்கிழமை. ஒரு பொறியியல் கல்லூரி அரங்கம். நுழைந்ததும் பெயரட்டை, ஒரு டி-ஷர்ட், மடிக்கணினியில் ஒட்ட லினக்ஸ் சின்னமான பென்குயின்கள். மீடியம் தீர்ந்துவிட்டது. எனக்கு டபுள் எக்ஸ்எல் கிடைத்தது.

"அந்தமானா சார்? அங்க நெட் இருக்கா?" என்றார் பெயரட்டை கொடுத்தவர்.

"இருக்கு. மழை வர்ற வரைக்கும்."

விமானம் ஏறும்முன் வைஜெயந்தி சொல்லியிருந்தார்: "நாலாவது ஸ்லைடை மாத்திடுங்க பாலு." மாற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் வரைவில் இப்படி எழுதினேன்:

(மேடையில் நான்காம் படம் வந்தது. அந்தப் பூஜ்யத்தைச் சுட்டிக்காட்டி, நண்பர்களே, இது பொய் என்று—)

நான் அப்படிச் சொல்லவில்லை. முதல் ஐந்து நிமிடம், மேன்லேண்டில் இருப்பவர்களுக்குத் தீவில் இருப்பவர்களின் வேகம் புரிவதில்லை என்று பேசினேன். கைதட்டினார்கள். பிறகு பூஜ்யத்தைக் காட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். எப்படிச் சாத்தியம் என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். பதினான்கு நாள் விதியைச் சொன்னேன். நிறையப் பேர் குறித்துக்கொண்டார்கள். பேனா நகர்வது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அதே நேரத்தில் போர்ட் பிளேரில் கப்பல் கிளம்பியிருக்கும். ஒரு கண்ணாடிக் கூடும் ஓர் அதிகாரியும் அதில் இருந்தார்கள்.

8

கப்பல் கிளம்பி இன்று இருபத்திரண்டாம் நாள்.

கப்பல் போய்த் திரும்பிவிட்டது. துறைமுகத்துக்குப் போனேன். உறவுக்காரர் அதில் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு கேம்பல் பேயில் இறங்கிவிட்டாராம். யோகராஜின் எண்ணை அழைத்தால் ஒரு பெண் குரல், எல்லைக்கு வெளியே என்று இந்தியில் சொல்கிறது. தினமும் சொல்கிறது. எனக்கு அந்தக் குரல் பழகிவிட்டது. அதிகாரி எந்த அலுவலகம் என்று தமிழரசியிடம் கேட்காமல் விட்டேன்.

முடிவுகள் மூன்று எழுதினேன். முதலாவதில் தமிழரசி முதலில் இறங்குகிறார். ஆறு திரைகளும் ஒளிர்கின்றன. வைஜெயந்தி, "விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவதில் அதிகாரிக்கு அந்த முறை கடல் ஒத்துக்கொள்கிறது. அவர் முதலில் இறங்குகிறார். "இதை எழுதாதீங்க" என்றார். மூன்றாவதில் ஐந்து ஒளிர்கின்றன, ஒன்று கறுப்பாகவே இருக்கிறது. "இது லினக்ஸ்" என்றார்.

மூன்றையும் அடித்துவிட்டேன். எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டவர் ஒன்றும் சொல்லாதபோது முடிந்ததாக எழுதிக்கொள்வதுதான் என் பழைய பழக்கம்.

நீலாவதி, சிறு திருத்தம் இதுதான். விதியை எடுத்துவிட்டோம். அது பூட்டிய எல்லாவற்றையும் திறந்தோம். எங்கள் முதல் பக்கத்தில் இன்று: திறந்த கேள்விகள்: 612. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் நானூற்று முப்பதையும் திறந்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த ஊர் என்று பாருங்கள்.

யோகராஜின் ஐந்து கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பட்டியலின் மேலே வைத்திருக்கிறேன். தடை இல்லை. கடைசிப் பதிலுக்குக் கீழே எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒன்றும் எழுதிவிடாதீர்கள். இந்தக் கதையின் கடைசி வரி அவருடையது.