பழையபடி

1

"பழையபடின்னா எந்தப் பழையபடிடி?" என்று அக்கா ஒரு நாள் என்னைக் கேட்டாள். பதில் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில் கதை எழுதிப் பார்ப்பேன். அப்படித்தான் இது தொடங்கியது. அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

2

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து நிறத்தை மட்டும் களவாடி—

பீற்றல். அடித்துவிட்டேன்.

அக்கா பழைய கார்களின் உட்புறத்துக்கு நிறம் ஏற்றுபவள். இது போதும். ஒரு நாள் அவளிடம் வந்த வண்டிக்கு அவளைவிட வயது அதிகம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

"எல்லாம் வெளுத்துப் போச்சுக்கா. பழையபடி ஆக்கிடுங்க" என்றான் கொண்டுவந்தவன்.

"விக்கப் போறீங்களா?"

"இல்லக்கா. அப்பாவுக்கு எல்லாம் மறந்துடுச்சு. வீட்டுல என்னையே 'யாரு தம்பி வேணும்'ங்கிறார். இதுல முன் சீட்டுல ஏறி உக்காந்தா மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுறார். பளிச்சுனு ஆனா இன்னும் நாலு பேர் ஞாபகத்துக்கு வரலாம்ல?"

"உங்க வீட்டம்மா பேருமா?"

"அவளை மாமனார் மறந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதியா இருக்கு. கெடுத்துடாதீங்க."

(இவனை முதலில் பேராசைக்காரனாக எழுதினேன். இந்தப் பதிலுக்குப் பிறகு முடியவில்லை. ஆனாலும் அப்பாவுக்காகச் செய்தானா, தன் பெயரை இன்னும் நாலு தடவை கேட்பதற்காகவா?)

3

அக்கா ஆஷ்ட்ரேயைக் கழற்றினாள். வெயில் படாத அந்தக் குழிக்குள் கரும்பச்சை அப்படியே இருந்தது. "இதுதான் பழசு" என்றாள்.

பலகைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தாள். பச்சைச் சாயத்தை மெல்லிசு மெல்லிசாக அடித்தாள். மொத்தமாக அப்பினால் தோல் மாதிரி உரிந்துவிடும். ஓட்டுபவர் பக்கக் கதவில், முழங்கை உரசி உரசி ஒரு வழவழப்பு இருந்தது. அங்கே வந்தபோது அவள் கை சற்றே தயங்கி—

தயங்கவில்லை. கதைக்காகப் பொய் சொல்லப் பார்த்தேன். அதையும் தேய்த்தாள்.

4

முடிவு, ஒன்று: அப்பா பச்சையைத் தடவுகிறார், மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். எழுதியதும் எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு, இரண்டு: அப்பாவுக்கு அது யாருடைய வண்டியோ. அவர் திரும்பி—

இதை என்னால் எழுத முடியவில்லை.

நடந்தது இது. வண்டியை எடுக்க மகன் அப்பாவையும் கூட்டிவந்தான்; நானும் அங்கே இருந்தேன். அப்பா முன்கதவைத் திறந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "நல்ல வண்டிம்மா" என்று அக்காவிடம் சொன்னார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"போகலாம்ப்பா."

மகனை அழைக்கும் 'ப்பா'வும் அதுதான். வாடகை வண்டிக்காரரை அழைக்கும் 'ப்பா'வும் அதுதான். "மகனைத்தான் சொன்னார், சந்தேகமே இல்ல" என்கிறாள் அக்கா. மறுநாளே என்னிடம் எந்தப் பழையபடி என்று கேட்கிறாள். அவர் காலமெல்லாம் பார்த்தது பச்சையையா, சாம்பலையா? எனக்குக் காலையில் ஒரு மாதிரி கேட்கிறது, மாலையில் வேறு மாதிரி. நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் காதில் விழும் 'ப்பா' எதுவோ, அதுவே முடிவு.

மகன் காதில் எது விழுந்தது என்று அவன் முகத்தில் தேடினேன். உள்கண்ணாடியைத் திருப்பி, பின்னால் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.