சடையன் வீட்டு நிலா அட்டை

எல்லாரும் சௌக்கியமா? இந்த மார்கழிப் பனியில் யாருக்கும் சளி, இருமல் இல்லையே? என் பேத்தி ஃபரீன் உட்கார்ந்த இடத்திலேயே ஊருக்கெல்லாம் போனில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கடைக் கயிறு ஞாபகம் வந்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஃபேன்சி ஸ்டோர். வாழ்த்து அட்டை முழுக்க என் பொறுப்பு. டிசம்பர் பிறந்தால் கடை வாசலில் குறுக்கே சணல் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, ரகத்துக்கு ஒன்றாக மாட்டுவேன். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. பஸ் நின்றது, ரயிலும் நின்றது. சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வர வேண்டிய எங்கள் அட்டைப் பார்சல் வரவில்லை. இருந்ததெல்லாம் விற்றுப்போய், கயிற்றில் தொங்கிய சாம்பிள்தான் மிச்சம்.

அப்போது பார்த்து வெள்ளிமலையிலிருந்து கிடைத்த லாரியில் ஏறி என் சிநேகிதி அமலோற்பவம் வந்து இறங்கினாள். கல்வராயன் மலையில் நர்ஸ். அந்தந்த வருஷம் அவள் பிரசவம் பார்த்த வீட்டுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புவது அவள் வழக்கம். கையில் கொடுக்க மாட்டாள், தபாலில்தான். அந்த வீடுகளுக்கு வேறு தபாலே வராது. தபால்காரர் ஊர் நடுவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். அட்டையைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

"இல்லன்னு மட்டும் சொல்லாத மெஹ்ராஜ். சடையனுக்கு ரெண்டு புள்ள தங்காம மூணாவது தங்கியிருக்கு. 'எம்பேர கூப்புடப் போறாரு பாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறான். சுவத்துல எடம்கூட மெழுகி வெச்சிட்டான். வரலன்னா அவன் மானமே பூடும்."

நான் ஸ்டூலில் ஏறிக் கிளிப்பைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் ஷேக் மைதீன் கல்லாவிலிருந்து கத்தினார்.

"இன்னா பண்ற நீ? சாம்பிளையும் குடுத்துட்டா கட மொட்டையா நிக்கும்!"

"நின்னா நிக்கட்டும்ங்க. பார்சல் வந்தா மாட்டிக்கலாம்."

குழந்தைகள் பிறந்த வரிசைப்படி அவள் பேர் எழுத, நான் கவரை ஒட்டினேன். கடைசிக் குழந்தை சடையனுடையது. அதற்கு வரும்போது கயிற்றில் வெறும் கிளிப்தான் இருந்தது.

"அய்யோ, அவன வுட்டுட்டனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பெட்டியைக் குடைந்தேன். எங்கள் ரம்ஜான் பெருநாளுக்கு வந்ததில் மீந்த அட்டை ஒன்று கிடைத்தது. நீல வானம், தங்கப் பிறை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"நட்சத்திரம் கீதில்ல? போதும்," என்றாள் அமலோற்பவம். உள்ளே கொட்டை எழுத்தில் 'கிறிஸ்துமஸ் வாழ்த்து' என்று எழுதினாள். கத்திய மனுஷரே எல்லாவற்றையும் சைக்கிளில் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். மறுநாள் பஸ் ஓட ஆரம்பித்தது.

பொங்கலுக்கு முந்தின சந்தை நாள். சடையன், பெண்சாதி செவ்வந்தி, அவள் தோளில் துணியில் சுற்றிய குழந்தை, மூன்று பேரும் கடை வாசலில் நின்றார்கள்.

"நர்சம்மா அட்ட வாங்கின கட இதானே? தபால்காரரு மூணு வாட்டி கூப்ட்டாரும்மா எம்பேர!"

"மொத வாட்டியே காதுல வுழுந்துச்சி. வேணும்னே பேசாம நின்னுகினு இருந்துச்சி இது," என்றாள் செவ்வந்தி.

"ஊரே கேக்க வேணாமா? எல்லார் வூட்லயும் நட்சத்திரந்தான். எங்க வூட்ல மட்டுந்தான் நிலா!"

என் வீட்டுக்காரருக்கு மறைக்கத் தெரியாது. "சடையா, அது எங்க பெருநா அட்டப்பா," என்று போட்டு உடைத்துவிட்டார். நான் அவரை முறைத்தேன்.

சடையனோ குழந்தையை வாங்கி அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"அப்ப ரெண்டு பண்டிகையும் எம்பொண்ணத் தேடி வந்துகீதுன்னு சொல்லு பாய்!"

அடுத்த டிசம்பரில் அமலோற்பவம் சிரித்துக்கொண்டே வந்தாள். "மலையில எல்லாம் நிலா போட்டதே வேணும்னு நிக்குதுங்க, இன்னா பண்ணட்டும்?" அவள் கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் நிலா அட்டைகளுக்கென்று தனியாக இன்னொரு கயிறு கட்டியிருந்தார். இரண்டு கயிறு கட்டிய கடை அந்தத் தெருவிலேயே எங்களுடையதுதான்!

உங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அட்டை எது, யார் அனுப்பியது? கீழே எழுதுங்கள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.