நுனி வெட்டிய புல்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி ஜன்னல் வழியே தெரிவதெல்லாம் வீட்டு முன்னால் கிடக்கும் வெற்று மண். என் தொல்லை தாங்காமல்தான் கணவர் அங்கே புல் போட ஆள் கூட்டி வந்தார்.

லாரியில் வந்தவர் விதையும் உரமும் காகிதக் கூழும் கலந்த பச்சைக் குழம்பைக் குழாயால் பீய்ச்சி அடித்தார். "முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயக் கூடாதுங்க. தண்ணி தூறல் மாதிரி விழணும், ஓடக் கூடாது. யாரும் கால் வைக்காதீங்க" என்று கீழே நின்று கத்தினார். கால் வைக்காமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

முதலில் தரை பளிச்சென்று இருந்தது. அது வெறும் சாயம். வெயிலில் வெளுத்து வெளுத்து, நனைந்த அட்டைப்பெட்டியின் நிறத்துக்கு வந்தபோது எனக்குப் பகீரென்றது. கீழே நின்ற கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

"அந்த மூலை காயுது! தண்ணி விடுங்க!"

"இப்பதானே விட்டேன் மகாராணி."

"புல்லுக்குத் தண்ணி விடுறீங்களா, எனக்குத் தண்ணி காட்டுறீங்களா?"

தலையணையைத் திருப்பிப் போட்டேன். இந்தப் பக்கம் புரண்டேன், அந்தப் பக்கம் புரண்டேன். கண்ணை மூடினாலும் அதே பழுப்பு. அவர் மேலே வந்ததும், "நானே இறங்கிப் பார்த்துக்கிறேன்" என்று கால்களைக் கட்டிலுக்கு வெளியே போட்டேன்.

அவர் பதறிப்போனார். "முளைச்சிடுச்சும்மா! கிட்டப் போனாதான் தெரியும்."

"அப்போ ஒண்ணு பறிச்சிட்டு வாங்க."

போனவர் வர நேரமானது. உள்ளங்கையில் ஒரு புல் கொண்டுவந்தார். நல்ல பச்சை. வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் நுனியைப் பார்த்தேன். கத்தரித்த மாதிரி நேராக, ஓரம் காய்ந்து இருந்தது.

"முளைக்கும்போதே முடி வெட்டிக்கிட்டு வருதா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "பக்கத்து வீட்டுலேருந்து..."

"எல்லாரும் காதுல பூவைச் சுத்துவாங்க. நீங்க புல்லைச் சுத்துறீங்க."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் ஸ்கேன் முடிந்து, அவர் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னபோதும் இதே முகம்தான்.

"டாக்டர் சொன்னதா நீங்க சொன்னதும் இப்படித்தானா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் விரல்களில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துடிப்பு நல்லா இருக்கு. வளர்த்திதான் கொஞ்சம் கம்மியாம். அடுத்த ஸ்கேன் பார்த்துட்டுதான் எதுவும் சொல்ல முடியுமாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். சத்தியமா."

அவரை இரண்டு அறை வைக்கலாமா என்று இருந்தது. ஆனால் கால்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டேன்.

"கீழ போங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டு, கண்ணுல படுறதை மட்டும் சொல்லுங்க."

நடைபாதை ஓரத்தில் மண்டியிட்டு, மண்ணில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"என்ன தெரியுது?"

"கூழு லேசா விரிசல் விட்டிருக்கு. ஒரு எறும்பு போகுது."

"புல்லு?"

தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"சரி, எழுந்திருக்காதீங்க. அந்தப் பக்கமும் பார்த்துச் சொல்லுங்க."