மிட்டாய் கேட்டவள் வீட்டு மழை

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை, கோயிலின் பின்பலகை தடதடவென்று அதிர்ந்ததில் துறைமுகத்து மீன் ஏலம் பாதியில் நின்றது. தட்டியவள் மிட்டாய்க்கடை ஹாட்சுவே. ஒசாகாவிலிருந்து எங்கள் ஊர் இசுராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடை திறந்த பதினோரு மாதமாக அவள் கூரைமேல் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்துச் சவரக்கடையில் துண்டுகள் மொறுமொறுவென்று காய்ந்தன; அவள் கடையில் பார்லி மிட்டாய்கள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புத்தாண்டுக்குள் மழை விடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தினமும் வேண்டிக்கொண்டாள். வேண்டும்தோறும் மழை வலுத்தது.

எங்கள் தெய்வத்துக்குக் காது மந்தம், ஆகவே பின்பலகையைத் தட்டித்தான் வேண்டுதல் சொல்வோம். அக்டோபரில் மட்டும் தட்டமாட்டோம். நாட்டிலுள்ள தெய்வங்கள் எல்லாம் தொலைவிலுள்ள இசுமோ கோயிலில் கூடும் மாதம் அது. எங்கள் தெய்வத்துக்கும் ஆண்டுதோறும் வழியனுப்பு விருந்து வைத்து, சாக்கே படைத்து, இந்நேரம் கிளம்பியிருப்பார் என்று நாங்களே குடித்துத் தீர்த்துவிடுவோம். "ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டறியேம்மா" என்று மீன்காரர்கள் கேலி செய்துகொண்டிருக்கும்போதே அவள் கூரையில் மழை இரண்டு மடங்காகக் கொட்டியது. ஆக, தெய்வம் ஊரில்தான் இருந்தது. எத்தனை ஆண்டாக நாங்கள் குடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எண்ணிப்பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.

பூசாரி ஒகிட்சு அவளை வேண்டுதலைச் சொல்லிக்காட்டச் சொன்னார். 'அமே பெருக வேண்டும்' என்றாள். எங்கள் பேச்சில் 'அமே'வைக் குரல் ஏற்றித் தொடங்கினால் மழை, இறக்கித் தொடங்கினால் மிட்டாய். ஒசாகாக்காரி மிட்டாயையும் ஏற்றித்தான் தொடங்கினாள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பதினோரு மாதம் சிரித்த எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

பூசாரி மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். நான்காம் நாள் மழை விட்டது. அதே கூரையில் பார்லி மிட்டாய் பெய்தது. முழுசை ஜாடியில் போட்டாள், உடைந்ததைப் பாதி விலைக்குக் கொடுத்தாள். கூரை ஓடு மாற்றுபவர் மாதம் ஒருமுறை வந்துபோகிறார். கடை தப்பியது.

நன்றி சொல்லப் போன ஹாட்சுவே, மற்றத் தெய்வங்கள் எல்லாம் போனபோது இவர் மட்டும் ஏன் தங்கினார் என்று பூசாரியைக் கேட்டாள். எங்கள் மொழியில் தெய்வமும் 'கமி', தலைமுடியும் 'கமி'; குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. பூசாரி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"நானும் வெளியூர்க்காரன்தாம்மா. முப்பது வருஷமா தினமும் முடி கேட்டேன். அவரு, தன்னைத்தான் கூப்பிடறேன்னு நெனச்சு இடத்த விட்டு நகரவே இல்ல."