பாலத்துப் பேய்க்குக் கால் உண்டு

"எல்லாரும் இறங்குங்க. பாலத்துல வண்டி மட்டும்தான் போகணும்" என்றார் ஓட்டுநர். அக்காவின் சவப்பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தங்கை இறங்கினாள். இருநூறு வருடத்துக் கல்பாலம். பாரம் தாங்காதென்று ஆட்களை நடக்கவிடுவது அங்கே பழைய வழக்கம். செத்தவர்களுக்கு மட்டும் சவாரி உண்டு.

பாலத்து முனையில் பேய்க்காரர் காத்திருந்தார். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு மூன்றாவது வளைவைக் காட்டி, ஆற்றில் விழுந்து செத்த கொத்தனார் மனைவி பனி நாளில் நடமாடுகிற கதையைச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. "நானே பார்த்தேன். ஏழடி உயரம், காலே கிடையாது" என்று முடிப்பார்.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "என்னால சொல்ல முடியாமலே போச்சுடி. நீயாவது அவர்கிட்ட சொல்லிடு" என்று முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அக்கா கையைப் பிடித்து வாங்கிய சத்தியம். நாளைக்கு அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மறு கரை சேர்வதற்குள் சொல்லியாக வேண்டும்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் அவர் இந்தப் பாலத்துக் காவல்காரர். பனி மூடிய ஒரு காலையில், பன்னிரண்டு வயது அக்காவின் தோளில் ஒன்பது வயதுத் தங்கை ஏறிக்கொண்டாள். மேலே போர்த்திக்கொண்டது வீட்டு ஜன்னலின் வெள்ளைத் திரை, சோப்பு வாசனையோடு. அக்கா அடக்கிய சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது இன்னும் தொடையில் நினைவிருக்கிறது. பால்காரரைப் பயமுறுத்தத்தான் கிளம்பினார்கள். எதிரே வந்தது காவல்காரர். மனிதர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம்.

வேலை போனது. நிச்சயம் செய்த பெண் வீட்டார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்துவிட்டுக் கையை விரித்தார்கள். அப்புறம் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்று சிறுமிகள் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்களான பிறகு வெட்கம் தடுத்தது.

உறவுக்காரர்கள் வண்டியை ஒட்டி நடந்தார்கள். அவள் பின்தங்கினாள். பேய்க்காரர் அவளோடு நடந்தார்.

"உங்க அக்கா ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்கம்மா. அந்தக் கதையவே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாங்க. ஊரே சிரிச்சுது, அவங்க ஒரு நாளும் சிரிச்சதில்ல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா இங்கே வந்துகொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

"அண்ணே, அது பேயில்ல. நாங்கதான். தலை நான், கால் அக்கா."

அவர் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி ஆற்றையே பார்த்தார். திட்டட்டும், அடிக்கட்டும் என்று அவள் நின்றாள்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அக்கா பயந்துட்டா, அண்ணே."

"பேயா நின்னவளுக்கே பயமா" என்றார். சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "கல்யாணத்துக்குச் சட்டைகூடத் தச்சு வெச்சிருந்தேன்" என்றார்.

மீதிப் பாலத்தை இருவரும் சேர்ந்தே கடந்தார்கள்.

மறு கரையில் எல்லாரும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று ஏறி உட்கார்ந்தார்.

அங்கிருந்து பாதை கரடுமுரடு. வண்டி குலுங்கத் தொடங்கியதும், பெட்டி நகராதபடி இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.