மலவாசல் என்ற சொல்லை எடுக்க மாட்டேன்

1

இந்தக் கதை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கதை. எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என் கணவர் சோமசேகரம் முதன்முதலாகப் புரஸ்டேட்* சோதனைக்குப் போனதை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மலராசிரியர் கிறிஸ்துநாயகம் மாஸ்டர் தாள்களோடு வீட்டுக்கு வந்தார். கதை நல்லதாம். ஆனால் பெண்பிள்ளைகளும் வாசிக்கிற மலராம். மலவாசல் என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதை நெஞ்சுச் சோதனையாக மாற்றினால் போடலாமாம்.

நெஞ்சுக்குள் விரல் விட்டுப் பார்க்க முடியாது மாஸ்டர், என்றேன். அவர் தேத்தண்ணியை முடிக்காமலே எழுந்து போனார்.

இது இரண்டாவது எழுத்து. சொல் அப்படியே இருக்கிறது.

(* சிறுநீர்ப்பைக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி. வயது போகப் போக வீங்கும். சிலருக்கு அதில் புற்றுநோயும் வரும்.)

2

முதல் எழுத்து இப்படித் தொடங்கியது: "மாரி மேகங்கள் கொக்குவிலின் மேல் கவிந்திருந்த அந்தக் காலையில், இனந்தெரியாத ஒரு சோகம்..."

[பொய். அன்று நல்ல வெயில்.]

சோமசேகரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கொக்குவிலிலிருந்து கொழும்புக்கு வாடகை வான் ஓட்டுகிறார். போன வருடம் வழியில் கிளிநொச்சியில் ஒருக்கால், மாங்குளத்தில் ஒருக்கால், வவுனியாவுக்கு முன் இன்னொருக்கால் என்று வானை நிறுத்திப் பற்றைக்குள் போகத் தொடங்கினார். போய் நின்றாலும் சிறுநீர் இலேசில் வராது. வந்தாலும் முடிந்த மாதிரி இராது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தண்ணீர் குடிப்பதையே விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அண்ணன் கதிரவேலு இடுப்பு நோ என்று இரண்டு வருடம் எண்ணெய் பூசினவர். சிறுநீரோடு இரத்தம் போனதை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிவிட்டது. மரண அறிவித்தலில் "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து" என்று போட்டோம்.

[அந்த வரியை எழுதினவள் நான். இனி அப்படி எழுத மாட்டேன்.]

3

முதல் எழுத்தில் வந்த சோமசேகரத்தை எனக்கே நம்பமுடியவில்லை. சோதனைக்குப் போகும்படி நான் சொன்னதும் தைரியமாக எழுந்து சட்டையைப் போட்டார் அவர். நிசமான சோமசேகரம் பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. அங்கே விரல் வைக்கவிட்டால் பிறகு தான் ஆம்பிளையோ என்று பதினோராம் நாள் கேட்டார். உங்கடை அண்ணன் ஆம்பிளையாகத்தான் செத்தவர் என்றேன். அதற்கும் அசையவில்லை.

"மூண்டு பிள்ளை பெத்தனான்," என்றேன். "எத்தினை பேர் கை விட்டுப் பாத்தவை எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

அடுத்த நாள் காலை அவர் தன் சட்டையைத் தானே அயன் பண்ணினார்.

4

ஆஸ்பத்திரியில் திரைக்குள் நான் இருக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

டொக்டர் தனுசியாவுக்கு எங்கள் மூத்த மகளின் வயது. அவளைக் கண்டதும் இவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதைக் கவனித்துவிட்டு, ஆண் டொக்டர்தான் வேண்டுமென்றால் வியாழக்கிழமை வரலாம் என்றாள். இப்போது போனால் பிறகு வரமாட்டேன் என்று இவருக்குத் தெரியும். இருந்துவிட்டார்.

முதலில் இரத்தம் எடுத்தார்கள். பிறகு கட்டிலில் இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துப் படுக்கச் சொன்னாள்.

"கையுறை போட்டு, வழுவழுப்பான மருந்து பூசித்தான் விரலை மலவாசலுக்குள்ளை விடுவன் ஐயா. கொஞ்சம் குளிரும். சிறுநீர் வாற மாதிரி இருக்கும், வராது. ஏலாட்டி சொல்லுங்கோ, உடனை நிப்பாட்டுறன்."

குளிர்ந்தது. உள்ளே அழுத்தியது. வில்லங்கமாக இருந்தது, ஆனால் நோகவில்லை. சுவரில் டெங்கு நுளம்பைப் பற்றிய அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் நாலாவது வரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துடைக்கக் கடதாசி கொடுத்துவிட்டு அவள் வெளியே போனாள்.

சுரப்பி வீங்கியிருக்கிறது, வலப்பக்கம் ஓரிடம் கட்டியாகத் தட்டுப்படுகிறது என்றாள். இரத்த முடிவு வந்தபின் இன்னும் சோதிக்க வேண்டுமாம்.

வானில் ஏறியவர் திறப்பைப் போட்டுவிட்டு முறுக்காமல் இருந்தார்.

"அண்ணை உந்த அரை நிமிசத்துக்குப் பயந்தோ செத்தவர்?" என்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். முப்பது வருடத்தில் நான் பார்த்த முதல் அழுகை. [முதல் எழுத்தில் இதை வெட்டியிருந்தேன். மாஸ்டருக்காக அல்ல, எனக்கே வெட்கமாக இருந்தது.]

5

முடிவு.

அ) அந்தக் கட்டி ஒன்றுமில்லை.

ஆ) புற்றுநோய்தான், ஆனால் வேளைக்குக் கண்டுபிடித்தாயிற்று.

இ) அண்ணனுக்கு நடந்ததுதான் தம்பிக்கும் என்று...

எது நடந்ததென்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஒன்றுமில்லை என்று எழுதினால், பார்த்தீர்களா, சும்மா போயிருக்கிறார் என்பீர்கள். புற்றுநோய் என்று எழுதினால், போய்க் கிண்டித்தான் வந்தது என்பீர்கள். போகாமல் இருக்க இரண்டுமே உங்களுக்குப் போதும். ஒரு காரணமும் நான் தரப்போவதில்லை.

பெயரை மாற்றட்டுமா, முடிவையும் எழுதட்டுமா என்று சோமசேகரத்தைக் கேட்டேன். தாள்களை ஒவ்வொன்றாக வாசித்து முடித்தார்.

"என்ரை பேர் கிடக்கட்டும். முடிவை எழுதாதையும். அறிய வேணுமெண்டவன் என்னட்டை வந்து கேக்கட்டும், நான் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பார். கேற்றைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், பூட்டியிருக்காது.