வடமேற்கே சாயும் கோப்பைகள்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ரங்கநாயகி வனைந்த மண் கோப்பைகள் எல்லாம் வடமேற்காகவே சாய்ந்தன, சூளையில் சுட்டு இறுகிய பிறகும். வேறு பக்கம் திருப்பி வைத்தால், மோர் கடைந்து முடிப்பதற்குள் மறுபடி வடமேற்கே சாய்ந்து நிற்கும். ஒரே மகள் ஹம்சினி புனேயில் ஒரு மராத்திப் பையனைக் கல்யாணம் செய்துகொண்ட 1998இல் இது தொடங்கியது. இனி அவள் வாசல்படி மிதிக்கக் கூடாது, வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கவும் கூடாது என்று அப்பா வெங்கடராகவன் சொல்லிவிட்டார். ரங்கநாயகி அழவில்லை, மாதர் சங்கத்தின் பத்து நாள் மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் சக்கரத்திலிருந்து பறந்த மண் காரியதரிசியின் பட்டுப்புடவையில் போய் ஒட்டியது. ஒரு பழைய சக்கரத்தை வாங்கி பால்கனியில் போட்டு, சப்பாத்தி மாவைப் போல மண்ணைப் பிசைந்து பிசைந்து, இரண்டு மாதத்தில் ஒரு கோப்பையை நிற்க வைத்தாள். அது சாய்ந்தது.

வெங்கடராகவனுக்கு உத்தியோகமே தரப் பரிசோதனை. ரசமட்டத்தை வைத்துத் தரையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், இரண்டிலும் மயிரிழை பிசகில்லை. "நோக்கு சென்டர் பண்ணத் தெரியலை" என்று தீர்ப்பு எழுதினார். கீரை கொண்டுவரும் புதுப்பட்டினத்துக்காரி வேண்டா கேட்டாள்: "இன்னாம்மா, அல்லாம் ஒரே பக்கமா பாத்துகினு கீது? பொண்ணு கீற பக்கமா?" அன்று மத்தியானம் மனைவி கண்ணயர்ந்த நேரம், அவர் வரைபடத்தில் கோப்பைகள் சாய்ந்த திசையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். அது புனேயில் போய் முடிந்தது. வரைபடத்தை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளியவர் மூன்று வருஷம் அதை வெளியே எடுக்கவில்லை. அப்படியொரு வீம்பு.

2001 மே மாதம் ஒரு காலையில் நாற்பது கோப்பைகளும் மெல்லத் திரும்பத் தொடங்கின. சாயங்காலம் நேர் வடக்கில் நின்றன. "ஏன்னா, ஹம்சினி ரயில்ல மெட்ராஸ் வந்துட்டா" என்றாள் ரங்கநாயகி. மூன்று வருஷத்தில் அந்தப் பேர் அன்றுதான் வீட்டில் ஒலித்தது, அவர் அதட்டவில்லை. மறுநாளும் கோப்பைகள் வடக்கிலேயே நின்றன. மெட்ராஸ் வரை வந்த பெண் வாசலுக்கு வரப் பயந்து அங்கேயே நிற்கிறாள், அப்படியே திரும்பிப் போய்விடுவாள் என்று ரங்கநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, இருப்பதிலேயே சின்னக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். குரோம்பேட்டையில் கோப்பை சட்டென்று பக்கவாட்டில் சாய, இறங்கினார். அது சாய்ந்த தெருக்களில் எல்லாம் திரும்பி, ஒரு சிநேகிதி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தவள் ஹம்சினி. கோப்பை நிமிர்ந்து நின்றது.

"என்னப்பா இது?"

"அம்மா பண்ணினது." கோப்பையை அவள் கையில் கொடுத்தார். "ஆத்துக்கு வா. அவ சாப்பிடலை."

ஹம்சினி இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாள். அவள் இருக்கும் நாட்களில் கோப்பை நிறையக் காபி. புனே திரும்பியதும் அவை வடமேற்கே சாய்ந்துவிடும். அதனால் அந்த வீட்டில் அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள்.